'வரல சார்' என்றால் எது வரவில்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. "ஹாய் சார்." அவ்வளவுதான். "சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். கால் மணி நேரம் கழித்து "ஒரு டவுட் சார், கேட்கலாமா?" கேளுங்கள் என்றேன். வீட்டுக்கு வந்து, குளித்து, நாலு இட்லியும் சாப்பிட்டு முடித்த பிறகு மூன்றாவது செய்தி: "பைத்தான்ல தமிழ் வரல சார். அர்ஜென்ட்."

ஒன்றரை மணி நேரம் போய்விட்டது, இன்னும் கேள்வி வந்து சேரவில்லை. எது வரவில்லை? எங்கே வரவில்லை? என்ன வந்திருக்க வேண்டும், அதற்குப் பதிலாக என்ன வந்தது? இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று, யாரோ ஒருவர் பதற்றத்தில் இருக்கிறார்.

நான் பகலில் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவன், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கேட்கிறவர்களுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிறவன். ஏழெட்டு வருடமாக இப்படித்தான். யாரும் என்னைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுக்கவில்லை, நானும் காசு கேட்டதில்லை. எனக்கும் ஒரு காலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுக்க இந்த மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள், லினக்ஸ் இயங்குதளமும் பைத்தான் நிரல்மொழியும் இவ்வளவு தூரம் பரவியதில் அவர்களுடைய ஓய்வு நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஒரு கட்டத்தில் ஏன் எரிச்சலாகிறார்கள், புதிதாகக் கற்கிறவர் அந்த எரிச்சலில் மாட்டாமல் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இதற்கென்று ஒரு கருத்து இருக்கிறது, நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மறுபடி வரவழைத்தல்'. உங்கள் கணினியில் வந்த பிரச்சினையை என் கணினியில் என்னால் வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியாவிட்டால் நான் செய்வது குறி சொல்வது மட்டும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் கேட்பதில் யாருக்கும் கோபம் கிடையாது. தெரியாததால்தானே கேட்கிறீர்கள். எதைப் பார்த்தீர்கள் என்பதைக்கூடச் சொல்லாமல் பதிலை மட்டும் கேட்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அந்த விவரத்தைத் தோண்டி எடுக்கும் வேலையும் பதில் சொல்கிறவன் தலையில் விழுகிறது, பெரும்பாலும் அதற்குத்தான் பதிலைவிட அதிக நேரம் ஆகிறது.

'தமிழ் வரல' என்ற அந்த இரண்டு வார்த்தையையே எடுத்துக்கொள்வோம். இது எனக்கு வரும் கேள்விகளிலேயே அடிக்கடி வருவது. ஆனால் இது ஒரு நோய் இல்லை, எனக்குத் தெரிந்து குறைந்தது நாலு நோய், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து.

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதென்றால், உள்ளே எழுத்து நன்றாகவே இருக்கிறது, அதை வரைந்து காட்ட எழுத்துரு மட்டும் அந்தக் கணினியில் இல்லை என்று அர்த்தம். அந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று செல்லப்பெயர், பார்க்க அந்தச் சோயாக் கட்டி மாதிரி இருப்பதால். கூகுள் வெளியிட்ட நோட்டோ எழுத்துருவின் பெயரே 'நோ டோஃபு' என்பதிலிருந்து வந்ததுதான். ஒரு எழுத்துருவை நிறுவினால் இது தீர்ந்துவிடும்.

வரிசையாகக் கேள்விக்குறியாக வந்தால் கதை வேறு, கொஞ்சம் சோகமானதும்கூட. கணினி எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் விதத்துக்குக் குறியீட்டு முறை என்று பெயர். தமிழே இல்லாத ஒரு பழைய குறியீட்டு முறையில் யாரோ கோப்பைச் சேமித்திருக்கிறார்கள். மாற்றத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் கணினி ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டது. அசல் எழுத்து போயே போய்விட்டது. வேறு பிரதி இருந்தால்தான் உண்டு.

மூன்றாவது, தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று இருக்கும். பார்த்தவுடன் சொல்லிவிடலாம், இது பாமினி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடுக்கு முந்தைய வழக்கம் அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்த எழுத்துரு, அந்த எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கிலம் பல்லை இளிக்கும். சேலத்தில் பழைய அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் இப்படித்தான் கிடக்கின்றன. மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன, எந்த எழுத்துரு என்று தெரிந்தால் போதும்.

நாலாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆங்கிலச் சின்ன ஏ எழுத்து, அதன் தலையில் ஒரு சாய்கோடு, பக்கத்தில் கம்பெனிப் பெயர்களின் ஓரத்தில் வருமே, வட்டத்துக்குள் ஆர், அந்தக் குறி, அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி சாய்கோடு போட்ட ஏ. இப்படியே வரி முழுக்க. இது ஏன் இப்படி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறதென்றால், யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், அதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டும் இரண்டே இரண்டில் ஒன்றுதான். அந்தப் பைட்டுகளைப் பழைய ஐரோப்பிய முறையில் படித்தால் முதலாவது சாய்கோடு போட்ட ஏ ஆகிறது, இரண்டாவது வட்டத்துக்குள் ஆர், அல்லது எழுத்துக்கு மேலே போடும் சின்னக் கோடு. ஆக, எழுத்தும் பத்திரமாக இருக்கிறது, எழுத்துருவும் இருக்கிறது, படிக்கிற மென்பொருள்தான் தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த யுடிஎஃப்-8 முறையை 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் ஒரு உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதி உருவாக்கினார்கள். நம் ஊரில் தட்டுவடை செட் மடித்துத் தரும் தாளில் அப்படி ஏதாவது எழுதினால் பீட்ரூட் துருவல்தான் ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் சாய்கோடு போட்ட ஏ வந்த வரியை எனக்குக் காட்டியிருந்தால், கையில் டீ கிளாஸ் இருக்கும்போதே பதில் சொல்லியிருப்பேன். அவர் 'வரல' என்று மட்டும் சொன்னதால் நாலில் எது என்று கண்டுபிடிக்கவே பதினான்கு செய்திகள் போய்வந்தன. எண்ணிப் பார்த்தேன், மிகைப்படுத்தவில்லை.

என் சித்தப்பா அம்மாப்பேட்டையில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தவர். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும், "அண்ணே, தறி நின்னுபோச்சு." அவர் உடனே செருப்பை மாட்ட மாட்டார். "நாடா எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்பார். நாடா என்றால் குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு, நீள நூலான பாவுக்கு நடுவில் ஓடும் கட்டை. பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா, பாவு நடுவில் சிக்கி நிற்கிறதா? ஊடை நூல் அறுந்திருக்கிறதா? நிற்கும்போது 'டமார்' என்று சத்தம் வந்ததா, சும்மா நின்றதா? இந்த நாலு கேள்விக்கு எதிர்முனையிலிருந்து வரும் பதிலை வைத்து, "ஊடையை முடிஞ்சு ஓட்டுப்பா" என்று போனிலேயே முடித்துவிடுவதும் உண்டு, "கையை வைக்காதே, வர்றேன்" என்று கிளம்புவதும் உண்டு. நல்ல தறிக்காரர்கள் சித்தப்பா கேட்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். "அண்ணே, நாடா வலப்பக்கம் பாதியில நிக்குது, டமார்னு சத்தம் கேட்டுச்சு, நூல் அறுகல" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் வீட்டுக்கு சித்தப்பா மழையிலும் போவார், எனக்குத் தெரியும். அவர்களுக்கு இயந்திரத்தைப் பற்றி அதிகம் தெரியும் என்பதில்லை. கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்னார்கள், அவ்வளவுதான். தொடக்கநிலைக் கற்றுக்குட்டியும் இதைச் செய்யலாம், இதற்குத் தொழில்நுட்ப அறிவு எதுவும் வேண்டாம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கேட்டது ஏற்காட்டிலிருந்து ஒரு பெண், காபித் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். பாதியில் 'சார்' போய் 'அண்ணா' வந்துவிட்டது, அதனால் தங்கச்சி என்றே சொல்கிறேன். பறிப்புக் காலத்தில் யார் எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்ற கணக்கை அவராகவே பைத்தான் கற்றுக்கொண்டு ஒரு நிரலில் போட்டிருக்கிறார். நிஜமாகவே பாராட்ட வேண்டிய விஷயம். 'என்ன பிழை வருது, காட்டுங்க' என்றேன். ஒரு படம் வந்தது. கணினித் திரையைப் போனில் எடுத்த படம், சாய்வாக, நடுவில் டியூப்லைட் வெளிச்சம், கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டு.

தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். படத்தில் இருக்கும் எழுத்தை என்னால் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது, தேடிப் பார்க்கவும் முடியாது, முழுவதையும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். அதைவிட மோசம் அந்த வெட்டுப்பட்ட கீழ்ப்பக்கம். பைத்தானில் பிழை வந்தால் ஒரு நீளமான தடம் அச்சாகும், எந்தக் கோப்பிலிருந்து எந்த வரிக்குப் போய் எங்கே விழுந்தது என்று. புதியவர்கள் அதன் முதல் வரியைப் பார்த்துவிட்டு மிரண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிழை என்ன என்று சொல்வது கடைசி வரிதான். சாறு அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். (ஜாவாவில் இது தலைகீழ், பிழையின் பெயர் மேலேயே வந்துவிடும். அதனால் எது முக்கியம் என்று நீங்கள் முடிவு செய்யாமல் முழுவதையும் எடுத்து எழுத்தாகவே ஒட்டிவிடுங்கள்.)

அதற்கு மேலே வரும் வரி எண்களும் வீண் இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. வண்டி நின்றுபோனால் "மலையில எங்கயோ நிக்கிறேன்" என்று போன் செய்கிறவரையும் "எட்டாவது வளைவுல நிக்கிறேன்" என்று சொல்கிறவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழைச்செய்தியின் வரி எண் அந்த வளைவின் எண்தான். இன்னொன்றும் இருக்கிறது. ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாகவும் ஏறலாம், அங்கே வளைவுக் கணக்கு வேறு. ஆகவே எந்த வழியாக வந்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் விஷயத்தில் அதன் பெயர் பதிப்பு: எந்த இயங்குதளம், பைத்தானில் எத்தனையாவது பதிப்பு. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய புத்தகத்தைப் பார்த்து அதன் இலக்கணத்தில் எழுதி, பைத்தான் 3-ல் ஓட்டி, "அப்படியே எழுதினேன் வரல" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

படம் உதவாததால், என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அங்கேதான் விஷயம் சுவாரசியமானது. தங்கச்சியின் உண்மையான கேள்வி இது: "சிஎஸ்வி கோப்புல பைத்தான் வழியா லதா ஃபாண்ட் வைக்கிறது எப்படிண்ணா?"

பதில், முடியவே முடியாது. சிஎஸ்வி என்பது வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான், அதற்குள் எழுத்துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம், கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான். அவருக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. ஏனென்றால் அவர் பிரச்சினையைக் கேட்கவில்லை, பிரச்சினைக்குத் தானாக யூகித்த தீர்வைப் பற்றிக் கேட்கிறார். நிரலாளர்கள் இதை 'எக்ஸ்-ஒய் சிக்கல்' என்பார்கள். எனக்கு வேண்டியது எக்ஸ், அதற்கு ஒய்தான் வழி என்று நானே முடிவு செய்துகொண்டேன், ஒய் வரவில்லை, உடனே எக்ஸை மறைத்துவிட்டு ஒய்யைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் கேட்கிறேன். மழையில் வீடு ஒழுகுகிறது என்று சொல்லாமல், பத்தடி ஆழ வாளி எங்கே கிடைக்கும் என்று கடை கடையாக விசாரிப்பது மாதிரி.

நடந்தது இதுதான். முதலில் விண்டோஸில் கோப்பை எழுதும்போது பிழை வந்திருக்கிறது. விண்டோஸில் பைத்தானிடம் எதுவும் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் அது கணினியின் பழைய குறியீட்டு முறையை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழ் இல்லை. எங்கேயோ தேடி, யுடிஎஃப்-8 என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார், பிழை போய்விட்டது. கோப்பை இரண்டு முறை சொடுக்கி எக்செல்லில் திறந்தால் சாய்கோடு போட்ட ஏ. எழுத்துருதான் காரணம் என்று நினைத்து லதாவைத் தேடிக் கிளம்பிவிட்டார். அவர் யூகம் முட்டாள்தனமானது இல்லை, பாமினி காலத்தில் வளர்ந்த எவருக்கும் 'தமிழ் தெரியவில்லை என்றால் ஃபாண்ட் இல்லை' என்பது ஊறிப்போன பாடம். ஆனால் கோப்பின் தொடக்கத்தில் 'இது யுடிஎஃப்-8' என்று சொல்லும் 3 பைட் அடையாளம் இல்லாததால் எக்செல் பழைய முறையில் படித்துவிட்டது, அவ்வளவுதான் நோய். பைத்தானில் யுடிஎஃப்-8 என்று எழுதிய இடத்தில் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு 'சிக்' என்று சேர்த்தால் அந்த அடையாளம் வந்துவிடும். மருந்து நாலே எழுத்து, ஒரு கோடும் மூன்று ஆங்கில எழுத்தும். நிரலைத் தொட வேண்டாம் என்றால் எக்செல்லின் தரவுப் பட்டியல் வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, குறியீட்டு முறை கேட்கும் இடத்தில் 65001 என்ற எண் போட்ட யுடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்தாலும் போதும்.

ஆகவே உங்கள் யூகத்தைச் சொல்லுங்கள், தப்பில்லை, ஆனால் யூகத்துக்கு முன்னால் கண்டதைச் சொல்லுங்கள். அவருடைய முதல் செய்தி இப்படி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்: "வணக்கம். விண்டோஸ் 10, பைத்தான் 3.11. பெயரும் கிலோவும் கொண்ட பட்டியலைச் சிஎஸ்வியாக எழுதுகிறேன், குறியீட்டு முறை யுடிஎஃப்-8. நோட்பேடில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரிகிறது. எக்செல்லில் திறந்தால் குப்பையாக வருகிறது, அந்த வரியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். எழுத்துருவை லதாவுக்கு மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை. நிரல் 6 வரி, அதுவும் கீழே." இதில் அவருக்குத் தெரியாத கலைச்சொல் ஒன்றும் இல்லை, ஆனால் 'நோட்பேடில் சரி, எக்செல்லில் தப்பு' என்ற ஒற்றை வாக்கியமே நோயைச் சொல்லிவிடுகிறது. எங்கே வருகிறது என்பதைப் போலவே எங்கே வரவில்லை என்பதும் பெரிய துப்பு, அதை யாருமே சொல்வதில்லை!

அந்த '6 வரி' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், மறுபடி வரவழைத்தலின் உயிரே அதில்தான். தங்கச்சியின் நிரல் ஏறக்குறைய 250 வரி. அதில் கூலிக் கணக்கு, முன்பணம், தேதி என்று என்னென்னவோ. முழுவதையும் அனுப்பினால் நான் தோட்டத்துக் கணக்கையெல்லாம் புரிந்துகொண்டுதான் உள்ளே போக முடியும், ஒரு ஞாயிறு போதாது. அதற்காக இரண்டு வரியை மட்டும் கிள்ளிக் கொடுத்தாலும் ஓடாது. ஓட வேண்டும், பிழையும் வர வேண்டும், அதற்கு மேல் ஒரு வரியும் இருக்கக் கூடாது. எப்படிக் குறைப்பது? நிரலை வேறு பெயரில் நகல் எடுத்துக்கொண்டு, பிரச்சினைக்குத் தொடர்பில்லாத பாதி என்று தோன்றுவதை நீக்குங்கள். ஓட்டிப் பாருங்கள். பிழை இன்னும் வருகிறதா? நீக்கிய பாதி குற்றமற்றது, விட்டுத்தள்ளுங்கள். பிழை போய்விட்டதா? குற்றவாளி நீக்கிய பாதியில் இருந்தான், திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் பாதி. சரியாகப் பாதி பாதியாகப் போனால் 256 வரி எட்டே வெட்டில் ஒரு வரிக்கு வந்துவிடும். நிஜத்தில் அவ்வளவு ஒழுங்காக நடக்காது, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பன்னிரண்டு பதினைந்து முறை ஆகலாம். பரவாயில்லை.

பட்டியலையும் அப்படியே குறையுங்கள். நூறு பேரின் உண்மையான பெயரும் கூலியும் எனக்கு எதற்கு? இரண்டு கற்பனைப் பெயர், இரண்டு எண், போதும். கடவுச்சொல், வங்கி எண், ஏதாவது சேவையின் ரகசியச் சாவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள், அவசரத்தில் இதை மறந்துவிட்டு அப்புறம் பதறுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், இப்படிக் குறைத்துக்கொண்டே போகும்போது பாதிப் பேருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. ஆறாவது வெட்டில் "அட, இதா!" என்று அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து அதனிடம் நிரலை வரி வரியாக விளக்குவது என்று நிரலாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, பயன் இதேதான். என் சித்தப்பாவுக்கு வாத்து கிடையாது, தறியின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே தறியோடு பேசிக்கொண்டிருப்பார்.

தமிழில் கேட்பதா ஆங்கிலத்தில் கேட்பதா என்று சிலர் தயங்குகிறார்கள். தமிழ் தெரிந்தவரிடம் தமிழில் கேளுங்கள், இதில் என்ன கௌரவம். சரளமில்லாத ஆங்கிலத்தில் எழுதும்போது கை தானாகச் சுருங்கி 'நாட் ஒர்க்கிங் சார், பிளீஸ் ஹெல்ப்' என்று ஐந்து வார்த்தையில் முடிந்துவிடுகிறது. அதே ஆள் தமிழில் எழுதினால் "முதல்ல நல்லாத்தான் ஓடுச்சுண்ணா, நேத்து அப்டேட் போட்ட பிறகுதான்" என்று ஆரம்பிப்பார், அந்த 'நேத்து அப்டேட்'தான் எனக்கு வேண்டியது. பிழைச்செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் அச்சான மாதிரியே ஒட்டுங்கள். 'ஏதோ கோடெக்னு வருது' என்பதை வைத்து எதையும் தேட முடியாது.

மற்ற எரிச்சல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே கேள்வியை ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்புவது, அதாவது நான் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும்போது வேறு ஒருவர் எட்டு மணிக்கே முடித்துக்கொடுத்திருப்பார், எனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "சரியாயிருச்சு சார், தேங்க்ஸ்" என்று முடிப்பது, எப்படிச் சரியானது என்று சொல்லாமல். ஒரு பழக்கத்தில் 'அர்ஜென்ட்' போடுவது. செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்த நிரலைத் தான் எழுதியதாகச் சொல்லிக் கேட்பது, அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை, ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டால் 'இந்த வரியை ஏன் எழுதினீங்க?' என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன்.

எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவர்களில் திமிர் பிடித்தவர்கள் உண்டு, "கூகுள்ல தேடு" என்று இரண்டு வார்த்தையில் விரட்டுகிறவர்கள் உண்டு, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதே தெரியாமல்தான் ஒருவர் கேட்கிறார் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. நானும் ஒருமுறை அப்படி நடந்துகொண்டேன். ஒரு கல்லூரி மாணவர் கோப்பில் தமிழ் எழுத முடியவில்லை என்று கேட்டார். விவரம் எதுவும் இல்லை. அன்றைக்கு ஏற்கெனவே ஐந்தாறு பேர் இப்படிக் கேட்டிருந்தார்கள். "பிழைச்செய்தியைப் படிக்கத் தெரியாதா தம்பி?" என்று கடுப்பாக அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கோப்பை அனுப்பினார், தொடக்கநிலை மாணவர்களுக்காக நானே எழுதிச் சுற்றுக்கு விட்ட குறிப்பு. அதில் நான் கோப்பைத் திறக்கும் வரியில் குறியீட்டு முறையைக் குறிப்பிடவே இல்லை. என்னிடம் இருப்பது லினக்ஸ், அங்கே சும்மா திறந்தாலே யுடிஎஃப்-8-தான், அதனால் எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. அவரிடம் விண்டோஸ். என் குறிப்பை அப்படியே எழுதியிருக்கிறார், விழுந்திருக்கிறார். எந்த இயங்குதளம் என்று சொல்லாத குற்றத்தைச் செய்தவன் நான்தான். மன்னிப்புக் கேட்டேன், குறிப்பைத் திருத்தினேன். அந்தத் தம்பி அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

தங்கச்சி போன வாரம் மறுபடி எழுதினார். 'ஹாய்' இல்லை, 'கேட்கலாமா' இல்லை. ஒரே செய்தி: "அண்ணா, அதே கணினி, அதே பைத்தான். பெயர்களை அகர வரிசைப்படுத்துகிறேன், நிரல் 3 வரி, கீழே இருக்கிறது. கொடுத்தது: வள்ளி, ஞானம், ஜெயா, செல்வி. எதிர்பார்த்தது: செல்வி, ஞானம், வள்ளி, ஜெயா. வந்தது: செல்வி, ஜெயா, ஞானம், வள்ளி. ஜெயா எப்படி நடுவில் நுழைந்தாள்?"

படித்து முடிப்பதற்குள் என் கணினியில் ஒட்டி ஓட்டிவிட்டேன், எனக்கும் ஜெயா நடுவில்தான் நின்றாள். யூனிகோட் அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நம் அகராதி வரிசையில் இல்லை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. பைத்தான் அந்த எண்களைப் பார்த்து அடுக்குகிறதே தவிர அதற்கு நம் அகராதி தெரியாது. நம் வரிசையை ஒரு சரமாக எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் அதில் எத்தனையாவது இடம் என்பதை வைத்து அடுக்கச் சொல்லி ஒரு சின்னச் செயல்பாடு எழுதி அனுப்பினேன். பத்து நிமிட வேலை, சந்தோஷமாகச் செய்தேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "ஜெயா கடைசிக்குப் போயிட்டாண்ணா, நன்றி. ஆனா கொடுத்தது: அம்மாசி, அமுதா. எதிர்பார்த்தது: அம்மாசி, அமுதா. வந்தது: அமுதா, அம்மாசி. புள்ளிதான் காரணம்னு நினைக்கிறேன், அது அட்டவணையில உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால இருக்கு. இது என் யூகம்தான்."

யூகம் சரி. நான் எழுதிய செயல்பாட்டில் புள்ளியைப் பற்றி யோசிக்கவே இல்லை. லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.